மூட் கெட்டா கன்ட்ரோல் ஏன் போகுது, அந்த நேரத்துல என்ன பண்ணலாம்

காலையில பத்து மணிக்கு நம்மள மாதிரி ஒழுக்கமான ஆள் ஊர்லயே கிடையாது. சர்க்கரை போடாத காபி, லிஃப்ட் வேணாம் படியிலயே ஏறிக்கிறேன், இந்த மாசம் ஆன்லைன்ல ஒண்ணும் வாங்கப்போறதில்ல, எல்லாம் சொல்லுவோம், செய்யவும் செய்வோம். அதே ஆள் ராத்திரி ஒன்பதரைக்கு, ஆபீஸ் குரூப்ல எல்லார் முன்னாடியும் மேனேஜர் ஒரு வார்த்தை கேட்டுட்டாருங்கிற கடுப்புல மிக்சர் டப்பாவை மடியில வச்சுக்கிட்டு டிவி முன்னாடி உட்கார்ந்திருப்பாரு, பாதி டப்பா காலியான பிறகுதான் சாப்பிட்டதே தெரியும். உடம்புக்கு ஆகாதுன்னு அப்பவும் நல்லாவே தெரியும். காலைக்கும் ராத்திரிக்கும் நடுவுல மாறினது மூட் மட்டும்தான்.

இதுக்கு எல்லாரும் சொல்ற காரணம் "எனக்கு வில்பவர் பத்தல". அதை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது, திட்டிக்கலாம் அவ்வளவுதான். மூட் கெடும்போது மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா எந்த இடத்துல கை வைக்கணும்னு தெரியும். ஆசை உச்சத்துல இருக்கும்போது அதோட மல்லுக்கட்டுறதுதான் இருக்கிறதுலயே கஷ்டமான இடம், அதுக்கு முன்னாடியே நாலஞ்சு இடம் இருக்கு, அங்கெல்லாம் வேலை சுலபம்.

தலைக்குள்ள நடக்கிறது

நெத்திக்கு நேர் பின்னாடி இருக்கிற பகுதி ப்ரீஃப்ரான்டல் கார்டெக்ஸ். ஒரு குறிக்கோளை மனசுல பிடிச்சு வச்சுக்கிட்டு அதுக்கேத்த மாதிரி நடக்கிறது, வாய் வரைக்கும் வந்த வார்த்தையை முழுங்குறது, "இப்ப வேணாம் நாளைக்கு அவஸ்தைப்படுவ"ன்னு சொல்றது, இதெல்லாம் பெரும்பாலும் அதோட பொறுப்பு. இன்னும் உள்ள தள்ளி ரெண்டு பக்கமும் சின்னதா இருக்கிறது அமிக்டலா. ஆபத்து, அவமானம், இல்ல முக்கியமா ஏதாவது வந்தா முதல்ல சத்தம் போடுறவங்கள்ல அதுவும் ஒண்ணு. இந்த ரெண்டும் ஜென்ம எதிரிங்க மாதிரி நிறைய வீடியோல கதை கட்டுறாங்க, அது சரியில்ல. ரெண்டும் எப்பவும் பேசிக்கிட்டேதான் இருக்கு, உணர்ச்சியே இல்லாம ஒழுங்கா முடிவெடுக்கவும் முடியாது. அந்தோனியோ டமாசியோங்கிற நரம்பியல் விஞ்ஞானி ஆராய்ஞ்ச நோயாளிகள்ல சிலருக்கு நெத்திப் பகுதியோட அடிப்பக்கம் அடிபட்டிருந்துச்சு, அறிவுத் தேர்வுல நல்லா மார்க் எடுப்பாங்க, ஆனா உணர்ச்சி மழுங்கிப்போனதால சொந்த வாழ்க்கையில ஒரு முடிவும் உருப்படியா எடுக்க முடியல. அதனால உணர்ச்சியை ஒழிக்கிற வழி தேடி இங்க வந்திருந்தா அது வேணாம்.

சிக்கல் அளவுல இருக்கு. யேல் பல்கலைக்கழகத்துல ஏமி ஆர்ன்ஸ்டன்னு ஒரு நரம்பியல் விஞ்ஞானி பல வருஷமா இதையே ஆராய்ஞ்சுக்கிட்டு இருக்காங்க. அவங்க காட்டினது இதுதான்: நோர்அட்ரினலின், டோபமின்னு மூளையில ஓடுற ரெண்டு ரசாயனமும் ப்ரீஃப்ரான்டல் கார்டெக்ஸுக்கு சாம்பார்ல உப்பு மாதிரி, குறைஞ்சாலும் கெடும், கூடிப்போனாலும் கெடும். ஓரளவு பரபரப்பு இருந்தா கவனம் கூர்மையாகும், பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் பாடம் மண்டையில ஏறுதே அந்த மாதிரி. ஆனா நம்ம கையில எதுவும் இல்லங்கிற மாதிரி ஒரு டென்ஷன் வந்து அந்த ரசாயனங்கள் கொட்ட ஆரம்பிச்சா, அங்க இருக்கிற நரம்பு செல்களுக்கு இடையில இருக்கிற தொடர்பு சீக்கிரமே பலவீனமாகிடும், வண்டி பழக்கத்தோட கைக்கும் அமிக்டலாவோட கைக்கும் போயிடும். ஆத்திரக்காரனுக்கு புத்தி மட்டுன்னு சும்மா சொல்லல.

இதுக்கு கோபத்துல கொந்தளிக்கணும்னு அவசியமே இல்ல, சாதாரண டென்ஷனே போதும். 2015-ல சூரிச் பல்கலைக்கழகத்துல ஆரோக்கியமா சாப்பிட முயற்சி பண்ற ஆனா நொறுக்குத் தீனியும் பிடிக்கிற ஆம்பளைங்களை கூப்பிட்டு, சில பேரை 3 நிமிஷம் ஐஸ் தண்ணியில கையை வச்சிருக்கச் சொன்னாங்க. அப்புறம் ஸ்கேனர்ல படுக்க வச்சு ரெண்டு ரெண்டு சாப்பாட்டுப் படமா காட்டி எது வேணும்னு கேட்டாங்க. ஐஸ் தண்ணி கோஷ்டி மத்தவங்களை விட ருசி பக்கம் அதிகமா சாய்ஞ்சாங்க. மூளையில பார்த்தா ருசி சம்பந்தப்பட்ட சிக்னல் ஏறியிருக்கு, தூரத்து லட்சியத்தை நினைவுபடுத்துற இணைப்பு இறங்கியிருக்கு, அதாவது ஒரே நேரத்துல இழுக்கிறது பலமாகுது, பிடிக்கிறது தளர்ந்துபோகுது.

இன்னொரு ஆராய்ச்சி, எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்சது. 2001-ல டயான் டைஸும் கூட இருந்தவங்களும் பண்ணது. மனசு சரியில்லாதவங்க நொறுக்குத் தீனி அதிகமா சாப்பிடுறாங்க, வேலையைத் தள்ளிப்போடுறாங்க, இது எல்லாருக்கும் தெரியும். ஆனா அவங்களை "என்ன பண்ணாலும் இப்போதைக்கு உங்க மூட் மாறாது"ன்னு நம்ப வச்சா அந்தப் பழக்கம் அப்படியே நின்னுபோச்சு. மூட் என்னவோ கெட்டுத்தான் இருக்கு, ஆனா கட்டுப்பாடு இருக்கு! அப்ப சோகம் நேரா போய் கட்டுப்பாட்டை உடைக்குதுன்னு மட்டும் சொல்ல முடியாது, "முதல்ல இந்த வலி போகட்டும், டயட் அப்புறம் பார்த்துக்கலாம்"னு நாமதான் முன்னுரிமையை மாத்திக்கிறோம். மிக்சர் ஒரு மருந்தா உள்ள போகுது. அதனால மிக்சரைப் பிடுங்குறதுக்கு முன்னாடி வலியைக் கவனிக்கணும், கீழ சொல்லப்போற எல்லாமே இந்த ஒரு விஷயத்துல இருந்து வர்றதுதான்.

எந்த உணர்ச்சி எந்தத் தப்பு, முதல்ல கண்டுபிடிங்க

போன்ல நோட்ஸ் ஆப் திறந்து, எப்பெல்லாம் கட்டுப்பாடு போச்சோ அப்பெல்லாம் மூணே விஷயம் எழுதுங்க: மணி என்ன, அதுக்கு முன்னாடி மனசு எப்படி இருந்துச்சு, என்ன பண்ணேன். அறிவுரை எல்லாம் எழுத வேணாம். ரெண்டு வாரம் போனா ஒரு டிசைன் தெரியும், நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும், ஏன்னா கோபம்னு நினைச்சுக்கிட்டு இருந்தது தனிமையா இருக்கும், இல்ல சும்மா போரடிக்கிறதா இருக்கும்.

இது ஏன் முக்கியம்னா எல்லா உணர்ச்சியும் ஒரே மாதிரி தள்ளாது. ஜெனிஃபர் லெர்னர் குழுவோட ஆராய்ச்சிகள்ல சோகமா இருக்கிறவங்க பொறுமை இல்லாம "இப்பவே கொடு, கம்மியா இருந்தாலும் பரவாயில்ல"ன்னு பணத்தை எடுத்துக்கிட்டாங்க. பயம் ரிஸ்கை பெருசா காட்டும், கோபம் ரிஸ்கை சின்னதா காட்டும், அதனாலதான் கோபத்துல வேலையை விடுறது ரொம்ப நியாயமான முடிவா தெரியுது. நன்றி உணர்வு மட்டும் நேர் எதிர், 2014-ல டேவிட் டெஸ்டெனோவும் லெர்னரும் சேர்ந்து பண்ணதுல, நன்றியா நினைச்சுக்கிட்டவங்க பெரிய தொகைக்காக காத்திருக்க அதிகமா தயாரா இருந்தாங்க. சந்தோஷத்தையும் லிஸ்ட்ல சேர்த்துக்குங்க. போனஸ் வந்த அன்னைக்கு செலவு பண்றதும், கல்யாண வீட்டுல "இன்னைக்கு ஒரு நாள்தானே"ன்னு மூணாவது ஜாங்கிரிக்கு கை நீட்டுறதும் சோகத்துல நடக்கிறது இல்ல.

பேர் வைங்க, சரியான பேரா வைங்க

கேட்க சின்னப்புள்ளத்தனமா இருக்கும், ஆனா மூளை ஸ்கேன்ல நல்லாவே தெரியற விஷயம் இது. 2007-ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் லாஸ் ஏஞ்சலஸ்ல மேத்யூ லீபர்மேன் குழு, கோபமான பயந்த முகங்களை காட்டி, அந்த முகத்துல என்ன உணர்ச்சின்னு ஒரு வார்த்தை தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க. வார்த்தை தேர்ந்தெடுக்கிறப்ப அமிக்டலா அடங்குது, வலது பக்க ப்ரீஃப்ரான்டல்ல ஒரு பகுதி வேலை செய்யுது. 2012-ல சிலந்தின்னா நடுங்குற 88 பேரை உயிரோட இருக்கிற பெரிய சிலந்தி கிட்ட போகவச்சு ஒரு கோஷ்டியை "எனக்கு பயமா இருக்கு, அருவருப்பா இருக்கு"ன்னு வெளிப்படையா சொல்லச் சொன்னாங்க, இன்னொரு கோஷ்டியை "இது என்னை ஒண்ணும் பண்ணாது"ன்னு சமாதானம் சொல்லிக்கச் சொன்னாங்க. ஒரு வாரம் கழிச்சு திரும்ப சிலந்தி முன்னாடி நிறுத்தினா, பயத்தைப் பேர் சொன்னவங்களுக்குத்தான் கை வேர்க்கிறது குறைஞ்சிருந்துச்சு.

எப்படி பண்றதுன்னா, "டென்ஷனா இருக்கு"ன்னு நிறுத்தாதீங்க, அது எல்லாத்துக்கும் பொருந்துற வார்த்தை, அதனால எதுக்கும் உதவாது. கடுப்பா, எரிச்சலா, ஆத்திரமா, ஆதங்கமா, அவமானமா, பொறாமையா, ஏக்கமா, வெறுமையா? சித்தப்பா ஃபேமிலி குரூப்ல போட்ட மெசேஜுக்கு வர்றது கோபம்னு தோணும், ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தா அது "எல்லார் முன்னாடியும் என்னை மட்டம் தட்டிட்டாரு"ங்கிற அவமானமா இருக்கும், அதுக்கும் உள்ள "அப்பா இருந்தா பேசியிருப்பாரா"ங்கிற ஆதங்கமா இருக்கும். அது தெரிஞ்சா போடப்போற பதிலே வேற ஆகிடும். ஒரு வரி எழுதுங்க, இல்ல பாத்ரூம்ல போய் முணுமுணுங்க, ஆனா வார்த்தையா வெளியில வரணும். பக்கம் பக்கமா எழுதினா அதையே கிளறிக்கிட்டு இருக்கிற மாதிரி ஆகிடும், அதனால ஒரு வரியோட நிறுத்துறது நல்லது.

உச்சத்துல இருக்கும்போது யோசிக்காதீங்க, உடம்பை இறக்குங்க

"நல்லதா நினைச்சுக்க, வேற கோணத்துல பாரு"ன்னு எல்லாரும் அறிவுரை சொல்வாங்க. அந்த டெக்னிக் உண்மையிலேயே வேலை செய்யும், 2002-ல கெவின் ஆக்ஸ்னர், ஜேம்ஸ் க்ராஸ் எல்லாம் சேர்ந்து பண்ண ஸ்கேன் ஆராய்ச்சியிலயே தெரிஞ்சது. ஆனா அந்த வேலையைச் செய்யறதும் அதே ப்ரீஃப்ரான்டல் கார்டெக்ஸ்தான், அதுதான் இப்ப தள்ளாடிக்கிட்டு இருக்கு! 2013-ல நியூயார்க் பல்கலைக்கழகத்துல எலிசபெத் ஃபெல்ப்ஸ் குழு இதை நேராவே சோதிச்சாங்க. பயத்தை வேற மாதிரி பார்க்க ஒரு நாள் பயிற்சி கொடுத்து, மறுநாள் பாதி பேரை ஐஸ் தண்ணியில கை வைக்கச் சொல்லிட்டு (இந்த ஆராய்ச்சிக்காரங்களுக்கு ஐஸ் தண்ணியை விட்டா வேற ஒண்ணும் கிடைக்காது போல) பயத்தைக் குறைக்கச் சொன்னா, அந்தப் பாதி பேரால முடியல. நேத்து கத்துக்கிட்டது இன்னைக்கு டென்ஷன்ல காத்துல போச்சு.

அதனால உச்சத்துல இருக்கிறப்ப வரிசை இதுதான்: முதல்ல உடம்பு, அப்புறம் கவனத்தைத் திருப்புறது, கடைசியாத்தான் யோசனை.

உடம்புக்கு மூச்சு. மூக்கால ஒரு தடவை இழுத்து, அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் இழுத்து, வாயால மெதுவா நீளமா விடுங்க. வெளியில விடறது உள்ள இழுக்கிறதை விட நீளமா இருக்கணும், ஏன்னா மூச்சு விடும்போதுதான் இதயத்துடிப்பு குறையும். ஸ்டான்ஃபோர்ட்ல 2023-ல வந்த ஆராய்ச்சியில தினம் 5 நிமிஷம் ஒரு மாசம் இப்படி பண்ணவங்களுக்கு மூட் நல்லாவே தேறிச்சு. கோபம் தலைக்கேறின பிறகு முதல் தடவையா இதை ட்ரை பண்ணா எரிச்சல்தான் வரும், சாதாரண நாள்லயே பழகி வச்சுக்குங்க.

"கோபத்தை வெளியில கொட்டிடணும், தலையணையைக் குத்து, கத்து"ங்கிறதை நம்பாதீங்க. 2024-ல வந்த ஒரு பெரிய தொகுப்பு, 154 ஆராய்ச்சி, 10,000 பேருக்கும் மேல, அதுல உடம்பைச் சூடேத்துற வேலைகள் மொத்தத்துல பார்த்தா கோபத்தைக் குறைக்கல, ஜாகிங் போனா கோபம் ஏறவே செஞ்சுச்சு. உடம்பை அமைதியாக்குற வேலைகள், மூச்சு, தியானம், யோகா, இதெல்லாம் குறைச்சுது. ஓடறது உடம்புக்கு நல்லதுதான், கோபத்துக்கு மருந்தா மட்டும் அதை நம்பாதீங்க.

அதே மாதிரி முகத்துல காட்டாம பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதும் தீர்வு இல்ல. மேல சொன்ன ஜேம்ஸ் க்ராஸோட பழைய ஆராய்ச்சிகள்லயே தெரியும், முகத்தை அடக்கினா உள்ள இருக்கிற உணர்ச்சி குறையறது இல்ல, உடம்புக்குள்ள பரபரப்பு ஏறுது, எதிர்ல இருக்கிறவங்க என்ன பேசினாங்கங்கிற ஞாபகமும் கெடுது. மாமியார் வீட்டு விருந்துல ரெண்டு மணி நேரம் சிரிச்ச முகமா இருந்துட்டு வந்து ஏன் வீட்டுல சின்ன விஷயத்துக்கு வெடிக்கிறோம்னு இப்ப புரியும்.

பதில் மெசேஜ் போடணும்னு கை துறுதுறுன்னு இருந்தா வாட்ஸ்அப்ல டைப் பண்ணாதீங்க, அங்க "டைப்பிங்"னு அவங்களுக்கு தெரியும், கையும் தவறி அனுப்பிடும். நோட்ஸ்ல எழுதுங்க, மனசுல இருக்கிறதெல்லாம் எழுதுங்க, குளிச்சிட்டு வந்து படிங்க. வாய்ஸ் நோட் மட்டும் வேணவே வேணாம், எழுத்துல நாலு வரி இருக்கிற கோபம் குரல்ல நாப்பது வரி ஆகும், அதை ஃபார்வர்ட் பண்றதுக்கும் ஆள் இருக்கு.

சூடு குறைஞ்ச பிறகு கோணத்தை மாத்துங்க. "இது நடந்தது என் ஃப்ரெண்டுக்குன்னா நான் என்ன சொல்வேன்", "சித்தப்பாவுக்கு அன்னைக்கு என்ன பிரச்சனை இருந்திருக்கும்". உங்களையே பேர் சொல்லி "குமார், இப்ப உனக்கு என்னப்பா வேணும்"னு கேட்டுப் பாருங்க. ஈதன் க்ராஸ் குழு 2014-ல காட்டினது, தன்னைப் பேர் சொல்லி கூப்பிட்டு யோசிக்கிறவங்க டென்ஷனான நேரத்தை மத்தவங்களை விட நல்லா சமாளிச்சாங்க.

முன்கூட்டியே ஏற்பாடு, இதுதான் பாதி வேலை

டென்ஷன் வந்தா பழக்கம்தான் வண்டி ஓட்டும்னா, முன்னாடியே பழக்கத்துக்கு ஒரு ரூட் போட்டுக்கொடுத்துடலாம். பீட்டர் கோல்விட்சர்ங்கிற உளவியல் ஆராய்ச்சியாளர் சொல்ற "இப்படி ஆனா, இப்படி பண்ணுவேன்" ஃபார்முலா அதுக்குத்தான். "இனி ராத்திரி சாப்பிட மாட்டேன்"ங்கிறது தீர்மானம். "ஆபீஸ் கால் முடிச்சிட்டு கடுப்பா இருந்தா நேரா மாடிக்கு போய் செடிக்கு தண்ணி ஊத்துவேன்"ங்கிறது திட்டம். எந்த உணர்ச்சி, எந்த நேரம், என்ன செயல், மூணும் அதுல இருக்கணும், அந்த நோட்ஸ்ல எழுதினது இங்கதான் உதவும். "சாப்பிட மாட்டேன்"னு முடியற திட்டம் வேணாம், கைக்கு ஒரு வேலை கொடுக்கணும், அதுவும் மனசுக்கு கொஞ்சமாவது ஆறுதல் தர்ற வேலையா இருக்கணும், இல்லாட்டி மிக்சர்தான் ஜெயிக்கும்.

அப்புறம் வீட்டை மாத்துங்க. மிக்சர் டப்பா மேல் பரண்ல, ஸ்டூல் போட்டு ஏறினாத்தான் எட்டணும். ஷாப்பிங் ஆப்ல கார்டு நம்பர் சேவ் பண்ணி வைக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் பதினாறு நம்பர் அடிக்கிறதுக்குள்ள பாதி ஆசை போயிடும். 2012-ல ஜெர்மனியில வில்ஹெல்ம் ஹாஃப்மன் 205 பேரோட அன்றாட ஆசைகளை போன்ல கேட்டுக் கேட்டு பதிவு பண்ணாரு, கட்டுப்பாடு அதிகம் இருக்கிறவங்க ஆசையோட சண்டை போடுறதே கம்மின்னு தெரிஞ்சுச்சு. அவங்க அந்தச் சண்டை வராத மாதிரி வாழ்றாங்க.

வில்பவர் ஒரு டேங்க்ல இருக்கிற பெட்ரோல், தீர்ந்துபோகும்னு ஒரு கருத்து ரொம்ப நாள் ஓடுச்சு, 1998-ல ராய் பாமைஸ்டர், சாக்லேட்டை முன்னாடி வச்சிட்டு சில பேரை முள்ளங்கி மட்டும் சாப்பிடச் சொன்ன சோதனையில இருந்து வந்தது. 2016-ல 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து திரும்ப பண்ணிப் பார்த்தப்ப அந்த விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால "இன்னைக்கு என் கோட்டா முடிஞ்சுபோச்சு"ன்னு விட்டுக்கொடுக்க அவசியம் இல்ல. தூக்கம் மட்டும் வேற கதை. 2007-ல மேத்யூ வாக்கர் குழு கிட்டத்தட்ட 35 மணி நேரம் தூங்காதவங்களுக்கு மோசமான படங்களைக் காட்டினாங்க, நல்லா தூங்கினவங்களை விட அமிக்டலா 60 சதவீதம் அதிகமா கத்துச்சு, நெத்திப் பக்கத்தோட இருந்த தொடர்பும் தளர்ந்திருந்துச்சு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்த்துட்டு மறுநாள் பிள்ளைங்க மேல எரிஞ்சு விழுந்தா மூச்சுப்பயிற்சி என்ன பண்ணும், பாவம்.

சறுக்கிட்டா

சறுக்கத்தான் செய்வோம். அப்ப வர்ற குற்ற உணர்ச்சி இருக்கே, அதுவும் ஒரு கெட்ட மூட்தான், அதுக்கும் மருந்து தேடி மூளை அதே டப்பாவுக்கு போகும். 2007-ல டயட்ல இருக்கிற பெண்களுக்கு டோனட் சாப்பிடக் கொடுத்து, சில பேர் கிட்ட மட்டும் "எல்லாரும்தான் சாப்பிடுறாங்க, உங்களை நீங்களே ரொம்ப நொந்துக்காதீங்க"ன்னு சொன்னாங்க. அப்புறம் மிட்டாய் வச்சப்ப அதைக் கேட்டவங்கதான் கம்மியா சாப்பிட்டாங்க. 2010-ல கனடாவுல, முதல் பரீட்சைக்குப் படிக்காம தள்ளிப்போட்டதுக்கு தன்னை மன்னிச்சுக்கிட்ட மாணவர்கள் அடுத்த பரீட்சைக்கு தள்ளிப்போடுறது குறைஞ்சுச்சு. செல்லம் கொடுக்கிறதுன்னு நினைக்காதீங்க, சாப்பிட்டாச்சா, நோட்ஸ்ல ஒரு வரி எழுதிட்டு டப்பாவை மூடி பரண்ல வச்சிட்டுப் போங்க.

ஒரு எல்லை உண்டு. கோபத்துல அடிக்கிற வரைக்கும் போகுது, குடிக்காம சமாளிக்க முடியல, உயிரை மாய்ச்சுக்கலாம்னு தோணுதுன்னா இந்த டெக்னிக் எல்லாம் ஓரமா வச்சிட்டு மனநல டாக்டரைப் பாருங்க. இந்தியாவுல இருந்தா டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் இலவசமா கூப்பிடலாம், தமிழ்லயும் பேசுவாங்க.

கடைசியா, வீட்டுல ரெண்டு பேருக்கும் சேர்ந்தே மூட் கெடும்போது என்ன பண்றதுன்னு சண்டை இல்லாத ஒரு நாள்ல பேசி வச்சுக்குங்க. யாருக்கு சூடு ஏறினாலும் "எனக்கு இருபது நிமிஷம் வேணும்"னு சொல்லிட்டு எழுந்து போகலாம், மத்தவங்க பின்னாடியே வந்து பேச்சை இழுக்கக் கூடாது, இதுதான் ஒப்பந்தம். ஆனா எழுந்து போறவங்க எப்ப திரும்பி வருவோம்னு மணி சொல்லிட்டுத்தான் போகணும், சொன்ன நேரத்துக்கு வரவும் வரணும். சொல்லாம கதவைச் சாத்திட்டு போனா, உள்ள இருக்கிறவங்களுக்கு சூடு இறங்கும், வெளியில நிக்கிறவங்களுக்கு ஏறும்.